சிங்கப்பூர் வரும் அம்மா அப்பாவை ஹாக்கர் சென்டருக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: அம்மா, அப்பா இருவரும் முதல் முறையாகச் சிங்கப்பூர் வருகிறார்கள். அம்மா சுத்த சைவம், அப்பா எல்லாம் சாப்பிடுவார், கூடவே இரண்டு சின்னப் பிள்ளைகள். ஹாக்கர் சென்டரில் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட முடியுமா, இல்லை நம் ஊர்க் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியாவோடு நிறுத்திக்கொள்வது நல்லதா?

பதில்:

தாராளமாகக் கூட்டிப் போங்கள். நான் இங்கே வந்து பதினொரு வருடம் ஆகிறது. அம்மாவும் அப்பாவும் மூன்று முறை வந்துபோயிருக்கிறார்கள், உங்கள் வீட்டு நிலவரம் அப்படியே எங்கள் வீட்டிலும். அம்மா திருநெல்வேலிப் பக்கத்துச் சைவ வீட்டுப் பெண், முட்டைகூடக் கிடையாது. அப்பாவும் அதே மரபுதான், ஆனால் வேலைக்கென்று மதுரைக்கு வந்த பிறகு வெளியில் போனால் மட்டனோ மீனோ இல்லாமல் எழுந்திருக்க மாட்டார். ஊரில் இந்த இரண்டு பேரையும் ஒரே ஓட்டலில் உட்கார வைப்பது பெரிய பாடு. சைவ ஓட்டல் என்றால் அப்பாவுக்கு முகம் வாடும், அசைவ ஓட்டல் என்றால் அம்மா ஒரு காபியோடு முடித்துக்கொள்வார். ஹாக்கர் சென்டரில், அதாவது ஒரே கூரையின் கீழ் பல சின்னக் கடைகளும் பொது மேசைகளும் இருக்கிற உணவங்காடியில் மட்டும்தான் ஒரே மேசையில் அம்மாவுக்குச் சைவக் கடைத் தட்டு, அப்பாவுக்கு மீன், என் மகளுக்குச் சிக்கன் ரைஸ், மகனுக்குப் பரோட்டா என்று அவரவர் கடைக்குப் போய் அவரவருக்குப் பிடித்ததை வாங்கி வந்து சேர்ந்து சாப்பிட முடிந்தது. நான் பார்த்த வரையில் எந்த நல்ல ரெஸ்டாரன்ட்டிலும் இது கிடைக்காது. இதற்காகவே போகலாம் என்கிறேன்.

ஆனால் அம்மா விஷயத்தில் விவரம் தெரிந்து போக வேண்டும். முதல் முறை அவர்கள் வந்தபோது, காய்கறி போட்ட பீ ஹூன் (மெல்லிய அரிசிச் சேவை) சூப் ஒன்றை வாங்கி அம்மா முன்னால் வைத்தேன். மேலே கீரையும் தோஃபுவும்தான் மிதந்தன. அம்மா இரண்டு கரண்டி குடித்துவிட்டுக் கரண்டியைக் கிண்ணத்தின் ஓரத்தில் சாய்த்து வைத்தார். அடியில் குண்டூசி நீளத்துக்கு ஒரு நெத்திலி, வெள்ளையாக, கண்ணோடு. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு வலிக்கும். இங்கே பல கடைகளில் சூப்புக்குக் காய்ந்த நெத்திலியைக் கொதிக்கவைத்துத்தான் சாறு எடுக்கிறார்கள். காய்கறி சூப் என்று கேட்டால் காய்கறி இருக்கும் என்று அர்த்தமே தவிர மீன் இல்லை என்று அர்த்தம் இல்லை.

அதனால் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கன் ரைஸ் கடையில் "சோறு மட்டும் கொடுங்கள்" என்று அம்மாவுக்கு வாங்கிவிடாதீர்கள், அந்தச் சோறே கோழிக் கொழுப்பில் இஞ்சி பூண்டு வதக்கி, பாண்டான் இலை போட்டு, கோழி வேகவைத்த தண்ணீரில் வடிப்பது. லக்சா என்கிற நூடுல்ஸ் பார்க்க நம் தேங்காய்ப்பால் குழம்பு மாதிரி இருக்கும், அதில் காய்ந்த இறால் அரைத்துச் சேர்த்திருப்பார்கள். கங்குங் கீரை வதக்கல் பச்சைப் பசேலென்று கூப்பிடும், அதில் பெலாச்சான், அதாவது இறாலைப் புளிக்கவைத்துக் காயவைத்த விழுது. சம்பல் என்கிற மிளகாய் விழுது எந்த நிறத்தில் இருந்தாலும் கேட்காமல் தொடக் கூடாது. கேரட் கேக் என்று ஒன்று இருக்கிறது, கேரட்டும் கிடையாது கேக்கும் கிடையாது, அரிசி மாவும் வெள்ளை முள்ளங்கியும் சேர்த்து அவித்துத் துண்டு போட்டு முட்டையோடு வறுப்பது. காயா டோஸ்ட்டில் தடவுகிற காயா தேங்காய்ப்பால், சர்க்கரையோடு முட்டையும் சேர்த்துக் கிண்டியது. முட்டை சாப்பிடாதவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

பிறகு என்னதான் சாப்பிடுவது என்றால், சீனச் சைவக் கடை. பெரிய உணவங்காடிகளில் பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும், பலகையில் வெஜிடேரியன் என்று போட்டிருக்கும். பௌத்த வழக்கப்படி நடத்துகிற கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. சீன நாள்காட்டியில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இந்தக் கடைகளில் வரிசை நீளமாக நிற்கும், அன்று நிறைய சீனக் குடும்பங்கள் சைவம். அந்த இரண்டு நாளும் நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். இதைச் சொன்னதும் அம்மா முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! "அவங்களும் அமாவாசைக்குச் சுத்தமா இருக்காங்களா" என்று கேட்டுவிட்டு, அதுவரை தள்ளி வைத்திருந்த தட்டை இழுத்துக்கொண்டார். வதக்கிய பீ ஹூன், முட்டைக்கோஸ், பொரித்த தோஃபு. "நம்ம சேவையைத் தாளிச்ச மாதிரி இருக்குடி, கொஞ்சம் உப்புதான் தூக்கல்" என்று முழுத் தட்டையும் சாப்பிட்டார். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சோயாவிலும் கோதுமை மாவின் புரதத்திலும் மீன் வடிவத்தில், கோழித்தொடை வடிவத்தில் செய்து அடுக்கியிருப்பார்கள். அதெல்லாம் சைவம்தான் என்று எத்தனை சொன்னாலும் பார்வைக்கே அம்மாவுக்கு ஒப்பவில்லை, சிலவற்றில் முட்டை சேர்ப்பதும் உண்டு. அதைத் தவிர்த்துக் காய்கறி, தோஃபு என்று விரல் காட்டி வாங்குங்கள்.

அப்பாக்களுக்கு வேறு மாதிரி கவனம் வேண்டும். மாடும் பன்றியும் சாப்பிடமாட்டார் என்றால், சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேளுங்கள். சார் குவே தியாவ் போன்ற வறுத்த அரிசிப் பட்டை நூடுல்ஸுக்கு வாசனையே பல கடைகளில் அதனால்தான். மலாய்க் கடைகளில் பன்றி கிடையாது, ஆனால் ரெண்டாங் (தேங்காய்ப்பாலில் வற்றவைத்த கறி), சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட கறி) இரண்டிலும் மாட்டிறைச்சி இருக்கலாம், கோழி என்று சொல்லி வாங்க வேண்டும். எங்கள் அப்பாவுக்கு நகர மையத்தில் லாவ் பா சாட் என்கிற பழைய உணவங்காடிக்குப் பக்கத்து பூன் டாட் தெருவில் கோழி சாத்தே ரொம்பப் பிடித்துப்போனது. சாயங்காலம் தெருவை அடைத்து மேசை போட்டு, கரியடுப்பில் விசிறி விசிறிச் சுடுவார்கள், தொட்டுக்கொள்ள வேர்க்கடலைச் சாந்து. கட்டடத்துக்கு உள்ளே உட்காராமல் வெளியே உட்காருங்கள், புகை கொஞ்சம் வரும், பரவாயில்லை.

பரோட்டாக் கடை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே பிராட்டா என்பார்கள். வெறும் பரோட்டாவுக்குக் கொசோங், மலாயில் காலி என்று அர்த்தம். தொட்டுக்கொள்ளக் கேட்காமலே மீன் குழம்போ ஆட்டுக்கறிக் குழம்போ ஊற்றிவிடுவார்கள், பருப்பு வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டுப் பக்கத்து உணவங்காடியில் பரோட்டா போடுகிற பாய், அம்மா பேசுவதைக் கேட்டதும் மாவை வீசிக்கொண்டே "அம்மாவுக்கு எந்த ஊரு" என்றார். அம்பாசமுத்திரம் என்றதும் "நமக்குக் கடையநல்லூரு" என்று கையை நிறுத்திவிட்டார். கடையநல்லூர்க்காரர்கள் இங்கே பல தலைமுறையாக இருக்கிறார்கள், 1941-லேயே ஊர்ப் பெயரில் சங்கம் தொடங்கியவர்கள். அம்மா பருப்போடு ஒரு பரோட்டா கேட்டார். அந்த மனுஷன் ஒரு நிமிஷம் யோசித்து, "அம்மா, பருப்பு தனிச் சட்டிதான், ஆனா கல்லு ஒண்ணுதான், முட்டையும் இதுலதான் ஊத்துறோம், சொல்லாமக் கொடுத்தா எனக்குத் தப்பு" என்றார். அம்மா பரோட்டா வேண்டாமென்றார். பாய் தானே போய் இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் ஒன்று வாங்கி வந்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. அதன் பிறகு அம்மா அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் வரமாட்டார். இந்த ஊரில் இப்படியும் மனிதர்கள் உண்டு, அதனால் கேட்கக் கூச்சப்படாதீர்கள். எது எதில் என்ன சேர்கிறது என்று கேட்டால் யாரும் எரிச்சல்படுவதில்லை. எல்லாரும் ஏதோ ஒன்றைத் தவிர்க்கிறவர்கள்தான்.

குடிக்க வாங்குவது ஒரு தனிப் பாஷை. கோப்பி என்றால் கெட்டியான இனிப்புப் பால் ஊற்றி வரும். கோப்பி ஓ பால் இல்லாதது, சர்க்கரை உண்டு. கோப்பி சி இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். சர்க்கரை வேண்டாமென்றால் கூடவே கொசோங், குறைவாக என்றால் சியூ டாய், ஐஸ் என்றால் பெங். அப்பாவுக்குச் சர்க்கரை நோய், அதனால் கோப்பி சி கொசோங் என்று ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் சீட்டு இல்லாமல் அவரே வாங்கி வந்தார். ஃபில்டர் காபி மனிதர்களுக்கு முதல் வாய் பிடிக்காது, கொட்டையைச் சர்க்கரையும் மார்கரினும் சேர்த்துக் கருக வறுத்துத் துணிப்பையில் வடிப்பதால் ஒரு தீய்ந்த வாசனை இருக்கும். அம்மா கடைசிவரை கோப்பிக்கு மாறவில்லை, தேநீரோடு நின்றுவிட்டார்.

அப்பா நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்ததும் அவர் பார்த்தது சாப்பாட்டை அல்ல, சாக்கடை எங்கே ஓடுகிறது, தட்டு எங்கே கழுவுகிறார்கள் என்பதை. இதெல்லாம் ஒரு காலத்தில் தெருவோரக் கடைகள், 1960களின் கடைசியில் தெரு வியாபாரிகளைப் பதிவு செய்து, 70களிலும் 80களிலும் தண்ணீர், வடிகால் வசதியோடு கட்டடம் கட்டி அத்தனை பேரையும் உள்ளே கொண்டுவந்தார்கள் என்று சொன்னேன். யாரையும் துரத்தாமல் இடம் கொடுத்தார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார், அவருடைய வேலைக்காலத்தில் தள்ளுவண்டிகளை அகற்றப் போன நாள்களை நினைத்திருப்பார். 2020-இல் யுனெஸ்கோ இந்த உணவங்காடிக் கலாசாரத்தைத் தன் பட்டியலில் சேர்த்தது. எனக்கு அதைவிட அப்பா அன்று தலையாட்டியதுதான் பெரிது.

அப்புறம் சில்லறை விஷயங்கள். மதியம் பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரை அலுவலகக் கூட்டம், வயதானவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு போகவே கூடாது. மாலை ஐந்தரை நல்ல நேரம். வாங்கப் போவதற்கு முன் மேசையைப் பிடியுங்கள், காலி மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம், உட்காரக் கூடாது. நீங்களும் அப்படியே வைத்துவிட்டுப் போகலாம், ஆனால் அம்மாவை அங்கேயே உட்கார வைத்துவிடுவது இன்னும் நல்லது, மின்விசிறிக்கு நேர் கீழே. குளிர்சாதனம் கிடையாது, வியர்க்கும். கை துடைக்க எதுவும் தரமாட்டார்கள், டிஷ்யூவும் தண்ணீர் பாட்டிலும் பையில் இருக்கட்டும். சாப்பிட்ட தட்டை நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டம், முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, இரண்டாம் தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். ஹலால் தட்டுக்கு வேறு அடுக்கு, மற்றதுக்கு வேறு, மாற்றி வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இதை அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தது என் மகள். தட்டை எடுக்காமல் எழுந்தால் மைனாக்கள் அரை நிமிஷத்தில் வந்துவிடும், அதையும் அவளே காட்டினாள்.

செலவு என்று பார்த்தால் ஆறு பேருக்குக் குடிப்பதற்கும் சேர்த்து நாற்பது வெள்ளிக்குள் முடிந்துவிடும். ரெஸ்டாரன்ட் என்றால் பில்லுக்கு மேலே பெரும்பாலும் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கும் மேலே 9 சதவீத ஜிஎஸ்டி. அப்பா மெனுவில் வலது பக்கத்தை மட்டும் படிக்கிறவர். இங்கேதான் விலை பார்க்காமல் "இன்னொண்ணு வாங்கலாமா" என்று கேட்டார்.

கடைசியாக இனிப்புக்கு, தௌ ஹுவே வாங்கிக் கொடுங்கள். சோயாப் பாலை உறையவைத்து, மேலே சர்க்கரைப் பாகு ஊற்றித் தருவார்கள், சூடாகவும் கிடைக்கும். இளநீர் வழுக்கையைவிட மெல்லிசு, கரண்டி பட்டாலே நழுவும். பல் போனவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைவிட நல்லது இல்லை. மூன்றாம் பயணத்தில், நான் அலுவலகத்தில் இருந்த ஒரு மதியம் அம்மா தனியாகக் கீழே கோப்பிக்கடைக்குப் போய் இரண்டு வாங்கி வந்து ஒன்றை எனக்கென்று ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். எப்படிக் கேட்டீர்கள் என்றேன். "தௌ ஹுவேன்னேன், ரெண்டு விரலைக் காட்டினேன், அந்த ஆண்ட்டி இன்னிக்கு வெயில் ஜாஸ்தின்னு ஏதோ சொன்னா, நானும் ஆமான்னேன்" என்றார்.

லிட்டில் இந்தியாவை விட்டுவிடச் சொல்லவில்லை. நான்கு நாள் ஆனதும் அம்மாவுக்குத் தோசை தேடும், அன்று சிராங்கூன் சாலையில் 1947-லிருந்து இருக்கும் கோமள விலாஸுக்கோ பக்கத்தில் வேறு சைவ உணவகத்துக்கோ கூட்டிப் போங்கள், அப்பாவுக்கு அங்கேயே இருக்கும் தேக்கா உணவங்காடியில் ஆட்டுக்கறி பிரியாணி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நம் ஊர்த் தொழிலாளப் பிள்ளைகளுக்கு விடுமுறை, அத்தனை பேரும் அன்று அங்கேதான் கூடுவார்கள், பெரியவர்களால் நடைபாதையில் நடக்க முடியாது. செவ்வாய் புதனில் போங்கள்.