வார்ட்லிக்கு பெல்ட் வந்தாலும் உசிக்தான் முதலிடம்

ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டை வீரர்களின் தரவரிசையில், உலகப் பட்டமான பெல்ட் கிடைத்ததால் ஃபேபியோ வார்ட்லிதான் முதலிடம் என்கிறீர்கள். இல்லை, அவரை ஒலெக்சாண்டர் உசிக்குக்கு மேலே போடாதீர்கள். நீங்கள் சொல்லும் டபிள்யூபிஓ (உலகப் பட்டம் தரும் நான்கு பெரிய அமைப்புகளில் ஒன்று) பெல்ட்டை வார்ட்லி உசிக்கை அடித்துப் பெறவில்லை. 2025 நவம்பரில் உசிக் அதை விட்டுக்கொடுத்தார். இடைக்காலச் சாம்பியனாக இருந்த வார்ட்லிக்கு அது வந்தது.

குழப்பம் இங்கிருந்துதான் வந்திருக்கும்: இந்த அமைப்புகளின் தரவரிசைப் பட்டியல், சாம்பியனோடு மோத அடுத்த சவாலாளர் யார் என்பதைச் சொல்வது. அதில் சாம்பியன் பெயர் தனியே நிற்கும்; முதல் எண்ணில் இருப்பவர் சவாலாளர். வேறு அமைப்பின் சாம்பியனை பெரும்பாலும் சேர்க்கவே மாட்டார்கள். நான்கு அமைப்புகளின் பட்டியலையும் கூட்டிச் சராசரி எடுத்தால் தவறான விடைதான் வரும்.

இப்படிச் சரிபாருங்கள். ஒவ்வொருவருக்கும் கடைசி மூன்று சண்டைகளை எழுதி, எதிராளி அந்த நேரத்தில் எப்படி இருந்தார் என்று பக்கத்தில் குறியுங்கள். 2025 இறுதி நிலவரப்படி உசிக்: ஃபியூரியை 2024இல் இருமுறை வென்றார், டுபுவாவை 2025 ஜூலையில் லண்டன் வெம்ப்ளியில் 5ஆம் ரவுண்டில் வீழ்த்தினார். இதற்கு ஈடு யாரிடமும் இல்லை. அடுத்து கபாயெல்: மக்முதோவ், சாஞ்செஸ், ஜாங் மூவரையும் ரியாத்தில் உடம்பில் குத்தியே வீழ்த்தினார். பலர் இவரைக் கீழே தள்ளுவது அநியாயம். எனக்கு இவர்தான் இரண்டாவது. வார்ட்லிக்குப் பெரிய வெற்றி ஒன்றுதான், 2025 அக்டோபரில் பார்க்கரை 11ஆம் ரவுண்டில் நிறுத்தியது. வைல்டரையும் ஜாங்கையும் வென்றவர் பார்க்கர் என்பதால் அதற்கு நல்ல மதிப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை: 'அ ஆவை வென்றார், ஆ இயை வென்றார்' என்று சங்கிலி போடாதீர்கள், ஸ்டைல் மாறினால் முடிவும் மாறும். ஓராண்டுக்கு மேல் சண்டையிடாதவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.