பாதிக் குரல்வளை போதுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. மன்னார்குடி பக்கம் களத்தில் நெல் அளப்பவர். குரல்வளையை ஒட்டித் தொண்டையில் புற்றுநோய். ஒரு மருத்துவர் குரல்வளையை முழுவதும் எடுக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் ஒரு பகுதியை விட்டுவைத்து, கைத்தோலால் சீரமைக்கலாம் என்கிறார். பேச்சு போய்விடுமோ என்று அப்பா கலங்குகிறார். எதற்குச் சம்மதிப்பது?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: ‘லாபம், இரண்டு, மூன்று’ என்று மரக்கால் எண்ணிய குரலுக்கு அந்தக் கலக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் முழுவதும் எடுத்தாலும் பேச வழியுண்டு. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே சிறிய வால்வு பொருத்துவார்கள். மூச்சுவிடக் கழுத்தில் வைக்கும் துளையை விரலால் மூடிக்கொண்டு பேசலாம். குரல் கரகரக்கும். எண்ணிக்கை சொல்ல அது போதும்.

நான் கவலைப்படுவது விழுங்குவதைப் பற்றி. சோறும் தண்ணீரும் இறங்கும்போது மூச்சுக்குழாயின் வாயை அடைப்பதுதான் குரல்வளையின் தலையாய வேலை. பேச்சு அதற்கு அடுத்ததுதான். மதகுப் பலகையில் பாதியை அறுத்துவிட்டால் கசியத்தானே செய்யும்? கசிந்ததை இருமித் தள்ள நுரையீரலில் தெம்பு வேண்டும். இல்லாவிட்டால் நிமோனியாதான். இப்படி வருபவர்களை, ஸ்கேன் படத்தை விரிப்பதற்கு முன்பே நான் படியேறச் சொல்வேன். நிற்காமல் இரண்டு மாடி ஏறிவிட்டால் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். அப்பா பீடி பிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிப்பவர் என்றால் இன்றே நிறுத்தட்டும்.

மீதி நம்பிக்கையை எண்டோஸ்கோப்பியும் ஸ்கேனும் தர வேண்டும். குரல்நாண் அசையாமல் நின்றிருந்தாலோ, குருத்தெலும்பை நோய் துளைத்திருந்தாலோ, முழுவதும் எடுப்பதுதான் பெரும்பாலும் பாதுகாப்பு. உங்கள் இரு மருத்துவர்களும் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்கள் என்று கேளுங்கள். கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துக் குரல்வளையைக் காக்கும் மூன்றாவது வழி பொருந்துமா என்றும் கேளுங்கள். 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முற்றிய குரல்வளைப் புற்றுக்கு அப்படிச் சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளை தப்பியது. உயிர் பிழைத்தவர்களின் அளவும் குறையவில்லை.

பகுதி அறுவை என்று முடிவானால், முன்கைத் தோலை அதன் ரத்தக்குழாய்களோடு எடுத்து, தொண்டையில் பொருத்தி, கழுத்து ரத்தக்குழாய்களோடு நுண்ணோக்கி வைத்துத் தைப்பார்கள். முதல் மூன்று நாள் இரவும் பகலும் அந்தத் தோலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சில வாரங்களுக்கு மூச்சுவிடக் கழுத்தில் ஒரு குழலும், உணவு செலுத்த மூக்கு வழியே ஒரு குழாயும் இருக்கும். அப்போது பேச முடியாது, ஒரு சிலேட்டு வாங்கி வையுங்கள். பிறகு விழுங்கும் பயிற்சி: மூச்சைப் பிடி, விழுங்கு, இருமு, மறுபடி விழுங்கு. பலருக்குக் குழைந்த கஞ்சி முதலில் இறங்கும். தண்ணீர்தான் கடைசி.

வலக்கைப் பழக்கம் உள்ளவருக்குப் பெரும்பாலும் இடது முன்கையிலிருந்துதான் தோல் எடுப்பார்கள். எந்தக் கை என்று இப்போதே கேட்டுவிடுங்கள். அறுவைக்கு முன் அந்தக் கையில் ரத்தம் எடுக்கவோ டிரிப்ஸ் ஏற்றவோ யார் வந்தாலும், மறு கையை நீட்டச் சொல்லுங்கள்.