வாசல் எந்தப் பக்கம்? விளையாட்டு மையமும் பாதைகளும்: கேள்வி பதில்

சைக்கிள் பாதையும் ஓட்டப்பாதையும் வந்து சேரும் சமுதாய விளையாட்டு மையத்தை எப்படி வடிவமைப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் இந்தக் கட்டடங்களை வரைகிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாதையை ஒட்டியே எங்கள் குழுவுக்கு இடம் கிடைத்திருக்கிறது சார். வரைபடத்தை எங்கிருந்து தொடங்குவது?

வாசலிலிருந்து தொடங்குங்கள். அதற்கும் முன்னால் ஒரு காலையும் ஒரு மாலையும் அந்த இடத்தில் போய் உட்காருங்கள். யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள், எங்கே குறுக்கே நடக்கிறார்கள், எங்கே புல் தேய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மையங்களில் முகப்பு கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து இருக்கும். பாதை வந்து முட்டுவது பின்சுவரில், ஏசி யூனிட்டுகளுக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில். ஓடி வருகிறவர் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இப்படிக் கட்டிவிட்டு 'பாதையோடு இணைந்த மையம்' என்று பலகை வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இரண்டு வாசல் வைக்கலாம், தவறில்லை. ஆனால் சின்ன மையத்தில் ரிசப்ஷனில் ஒருவர்தான் இருப்பார். அவர் எழுந்திருக்காமலே இரண்டு வாசலும் கண்ணில் படும்படி மேசையைப் போடுங்கள்.

அப்படியானால் சைக்கிள் பாதையை நேராக வாசல்வரை கொண்டுவந்துவிடலாமா?

கூடாது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சைக்கிள் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடும். அதே நொடியில் ஒரு குழந்தை அம்மாவின் கையை உதறிவிட்டு வாசலிலிருந்து வெளியே ஓடி வரும். முதன்மைப் பாதை சற்றுத் தள்ளியே போகட்டும். அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து, வளைந்து, தரையின் நிறமும் சொரசொரப்பும் மாறி வாசலுக்கு வரட்டும். வேகம் தானாகவே குறையும்.

கார் நுழையாமலிருக்கக் கம்பம் நடுவதென்றால் ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள். இருட்டிலும் தெரியும் வண்ணம் பூசுங்கள். வளைந்து வளைந்து நுழையவைக்கும் கம்பித்தடுப்பு மட்டும் வேண்டாம். சக்கர நாற்காலியும் மூன்று சக்கர சைக்கிளும் அதில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

ஓடுபவர்களையும் சைக்கிளையும் ஒரே பாதையில் விடலாமா?

ஆள் குறைவென்றால் விடலாம். கூட்டம் வருமென்றால் பிரித்துவிடுங்கள். இருவழி சைக்கிள் பாதைக்குக் குறைந்தது 3 மீட்டர். பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஓட 2 மீட்டர். நடுவில் வெள்ளைக்கோடு மட்டும் போட்டால் யாரும் அதைப் பார்ப்பதில்லை, ஒரு சின்ன மட்ட வேறுபாடாவது வேண்டும். தளமும் வேறாக இருப்பது நல்லது: சைக்கிளுக்கு வழவழப்பான தார், காலுக்குக் கெட்டித்த மண் அல்லது கல்தூள். இன்னொன்று, தண்ணீர் வடியப் பக்கவாட்டுச் சரிவு 2 சதவீதம் போதும். அதற்கு மேல் போனால் நெடுந்தூரம் ஓடுகிறவரின் ஒரு கால் மட்டும் எப்போதும் தாழ்வில் விழும், முழங்கால் வலிக்கத் தொடங்கும்.

சைக்கிள் நிறுத்த எவ்வளவு இடம்? எங்கே?

எங்கே என்பதுதான் முக்கியம். என் ஆரம்பகால மையம் ஒன்றில் சைக்கிள் ஸ்டாண்டைக் கட்டடத்தின் பின்னால், நல்ல நிழலில் போட்டேன். திறந்த ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு சைக்கிள்கூட இல்லை. எல்லாம் முன்வாசல் சாய்தளத்தின் கைப்பிடிக் கம்பியில் பூட்டிக் கிடந்தன. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர், ஹேண்டில்பார்களை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிக்கொண்டே மேலே ஏறிக்கொண்டிருந்தார். அது என் தவறு. வாசலுக்கு அருகில், ரிசப்ஷன் கண்ணில் படும் இடத்தில், கார்களைவிடப் பக்கத்தில் ஸ்டாண்ட் இருக்க வேண்டும்.

கவிழ்த்த 'ப' வடிவக் குழாயே போதும். ஒரு மீட்டருக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு சைக்கிள். ஃபிரேமையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டலாம். முன்சக்கரத்தை மட்டும் கவ்விப் பிடிக்கும் வகை, சைக்கிள் சாய்ந்தால் ரிம்மை வளைத்துவிடும். பக்கத்திலேயே ஒரு காற்றுப் பம்பு வையுங்கள். மின்சைக்கிள் பேட்டரி சார்ஜ் செய்யும் இடத்தை வெளியேறும் வழியில் வைக்காதீர்கள். தீப்பிடித்தால் தப்பிக்க இருக்கிற வழியே அடைபடும்.

மேடம் யாராவது பதில் சொன்னாலும் சரி, நீங்கள் சொன்னாலும் சரி: இருட்டிய பிறகு பெண்கள் தனியாக ஓட என்ன செய்யலாம்?

என்னுடன் வேலை செய்யும் பெண்களோடு இரவில் பாதை நடந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். வெளிச்சம் அதிகம் என்பதைவிடச் சீராக இருப்பது முக்கியம். ஒரு விளக்கின் கீழ் பளீரென்றும் அடுத்த பத்தடி கும்மிருட்டாகவும் இருந்தால் கண் பழகுவதற்குள் இருட்டைக் கடந்துகொண்டிருப்போம். எதிரே வருபவரின் முகம் தெரிய வேண்டும். பாதையோரப் புதர் இடுப்புக்கு மேல் வளரக் கூடாது. நடுவில் வெளியேற வேறு வழிகள் வேண்டும். ஜிம்மின் கண்ணாடி ஜன்னல் பாதையைப் பார்க்கட்டும், உள்ளே ஆள் இருப்பதே ஒரு தைரியம். மையத்தை மூடும் நிமிடத்திலேயே விளக்கையும் அணைத்துவிடாதீர்கள். கடைசியாகக் கிளம்பியவர் பாதையில்தான் இருப்பார்.

400 மீட்டர் ஓடுதளம் கட்டாயமா?

இல்லை. எட்டு லேன் ஓடுதளம் ஏறக்குறைய 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் கேட்கும். பாதை இருக்கும்போது இடத்தையெல்லாம் அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. 1.22 மீட்டர் அகலத்தில் நான்கு லேன், நேர் 100 மீட்டர், முடிவில் நின்று இளைப்பாற இடம். பிள்ளைகளுக்கு அது போதும்.

பாதையில் 5 கி.மீ. சுற்று குறிக்க ஜிபிஎஸ் வாட்ச் போதுமா?

வழிகாட்டப் போதும், போட்டிக்குப் போதாது. சாலை ஓட்டங்களை அளப்பவர்கள் சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற எண்ணியைப் பொருத்துவார்கள். தூரம் தெரிந்த நேர்கோட்டில் சைக்கிளை ஓட்டி அதைச் சரிபார்த்துவிட்டு, ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில், வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓட்டுவார்கள். தூரம் குறைந்துவிடாமலிருக்க ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டுவார்கள், அதாவது 5 கிலோமீட்டருக்கு 5 மீட்டர்.

பணம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். எதை முதலில் கட்டுவது?

ஹாலை அல்ல. கிளைப்பாதை, சைக்கிள் ஸ்டாண்ட், வெளியிலிருந்தே திறக்கும் கழிப்பறை, குடிதண்ணீர்க் குழாய், ஹெல்மெட் நுழையும் அளவு நான்கைந்து லாக்கர், நிழலில் ஒரு பெஞ்ச். இவை வந்துவிட்டால் பாதையில் போகிற ஆட்கள் இங்கே சற்று நின்றுவிட்டுப் போகத் தொடங்குவார்கள். அப்புறம் ஹாலின் வாசலை எங்கே வைப்பது என்று அவர்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம்.