பாடகர்கள் மாறியும் பிளாக் சாபத் ஒரே குழுவா?

நாகர்கோவிலில் தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கிதார் வாசிக்கும் தம்பி ஒருவர், இத்தனை பாடகர்கள் மாறிய பின்னும் பிளாக் சாபத் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவை ஒரே குழு என்று சொல்லலாமா எனக் கேட்டிருக்கிறார். உறுதியாகச் சொல்லலாம், காரணம் அதன் கிதார் கலைஞர் டோனி ஐயோமி. 1968இல் பர்மிங்காமில் தோன்றிய அக்குழுவின் எல்லா இசைத்தொகுப்புகளிலும் வாசித்தவர் அவர் ஒருவரே. தொழிற்சாலை விபத்தில், தந்திகளை அழுத்தும் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்த அந்த இடக்கைக் கலைஞர், விரல்களுக்கு உறை செய்து மாட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி, பின்னர் சுருதியையும் தாழ்த்தி உருவாக்கிய கனத்த ஒலியே குழுவின் உயிர். 1979இல் முதல் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் நீக்கப்பட்டு ரோனி ஜேம்ஸ் டியோ வந்தபோது பாடல்களின் போக்கு மாறியது. 1980இல் வெளியான ‘ஹெவன் அண்ட் ஹெல்’ அவர்களுடைய மிகச் சிறந்த தொகுப்புகளுள் ஒன்று என்பேன். பின்பு இயன் கில்லன், டோனி மார்ட்டின் எனப் பலர் வந்து சென்றனர். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் கால்பந்து அரங்கில் குழுவின் தொடக்க உறுப்பினர் நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தனர்.