மூன்று நாளில் 40 விநாடி அனிமேஷன் முடியுமா?

கேள்வி: டிவி சிறுவர் நிகழ்ச்சிக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகக் காட்சி, 40 விநாடி. ராயபுரத்தில் இரண்டே பேர், மூன்று நாள்.

முடியும், ஃப்ரேம் ஃப்ரேமாக வரையாவிட்டால். நம்மூர் டிவிக்கு விநாடிக்கு 25 ஃப்ரேம். 40 விநாடிக்கு 1000. ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தினாலும் 500 படம். கை, கால், தலையைத் தனித்தனி லேயராக வெட்டி ரிக் போடுங்கள், அதாவது மூட்டு வைத்துப் பொம்மை மாதிரி அசைக்கும்படி இணையுங்கள்.

முதல் நாளே குரல் பதிவு முடித்து, குரலோடு கச்சாப் படங்களை ஓட்டிக்காட்டும் அனிமேடிக்குக்குச் சேனல்காரரிடம் ஓகே வாங்கிவிடுங்கள். பிறகு வசனம் மாறினால் வாயசைவு மொத்தமும் போச்சு. வாய்க்கு ஏழெட்டு வடிவம் போதும்; 'ப', 'ம' வரும் இடத்தில் உதடு கட்டாயம் மூட வேண்டும், மற்றதில் கொஞ்சம் பிசகினால் தெரியாது.

விசைப்படகு ஆட்டத்தை 50 ஃப்ரேம் லூப்பாகச் செய்யுங்கள். 51-ஆவதுதான் முதல் படத்தோடு ஒத்துப்போக வேண்டும். 50-ஆவதிலேயே அதே படம் வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் படகு லேசாகத் திக்கும். மூன்று படகில் இரண்டின் தொடக்கத்தை 12, 17 ஃப்ரேம் எனத் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்கூல் டிரில் மாதிரி இருக்கும். வலையை ஒற்றை பிக்சல் கோடாக வரைந்தால் ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளை மாறி மாறிக் காட்டும் இன்டர்லேஸ் ஒளிபரப்பில் மினுக்கும், கோட்டைத் தடியாக்குங்கள்.

ரெண்டரை (கணினி உருவாக்கித் தரும் இறுதிப் படத்தை) ஒரே வீடியோ கோப்பாக எடுக்காமல் பிஎன்ஜி வரிசையாக, அதாவது ஃப்ரேமுக்கு ஒரு படக் கோப்பாக எடுங்கள். 700-ஆவது ஃப்ரேமில் கரண்ட் போனால், பாதியில் நின்ற அந்த ஒன்றை அழித்துவிட்டு அங்கிருந்தே தொடரலாம்.