ஜர்னல் எழுதினா நமக்கு எது முக்கியம்னு நிஜமாவே தெளிவாகுமா?

கேள்வி கேட்டவங்க சொன்னது சுருக்கமா இதுதான்: முப்பது தாண்டிருச்சு, வேலை, வீடு, பிள்ளைங்க எல்லாம் நல்லாத்தான் போகுது, ஆனா எதுக்காக இந்த ஓட்டம்னு புரியல. ஜர்னல் எழுதுங்க தெளிவு வரும்னு எல்லாரும் சொல்றாங்க, நோட்டு வாங்கி 'என் வாழ்க்கையில முக்கியமானவை'ன்னு தலைப்பு போட்டு குடும்பம், ஆரோக்கியம், நேர்மைன்னு எழுதினதுக்கு மேல பேனா நகரல.

தெளிவாகும். ஆனா அந்தத் தலைப்ப முதல்ல அடிச்சிடுங்க. இங்க சிங்கப்பூர்ல தோ பாயோ பஸ் ஸ்டாப்ல நிக்கிற யாரைக் கேட்டாலும் இதே மூணத்தான் சொல்வாங்க, பொய் சொல்றாங்கன்னு சொல்லல, ஆனா அத வச்சுக்கிட்டு ஒரு முடிவும் எடுக்க முடியாது. குடும்பம்தான் முக்கியம்னு சொல்லித்தான் ஒருத்தர் ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓவர்டைம் பாக்குறாரு, அதே குடும்பம்தான் முக்கியம்னு சொல்லி இன்னொருத்தர் வந்த ப்ரமோஷன வேணாம்னுட்டாரு. அதனால முதல் ஒரு மாசம் பெரிய பெரிய வார்த்தை எதுவும் எழுதாம அன்னிக்கு நடந்தத மட்டும் எழுதுங்க.

நான் எழுதுறது ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சு, பிள்ளைங்க படுத்த பிறகு, சாப்பாட்டு மேசையில ஒரு பத்து நிமிஷம். தேதி போட்டு, சாயங்காலம் எங்க போச்சு, எதுக்கு காசு செலவு பண்ணேன், எது மனச குத்துச்சு, எதச் செய்யறப்ப நேரம் போனதே தெரியல, இவ்வளவுதான், சில நாள் ஒரே வரிதான் வரும் அதுவும் போதும். மொழி பத்தி யோசிக்காதீங்க, வீட்டுல எந்த மொழியில சண்டை போடுவீங்களோ அந்த மொழியில எழுதுங்க, எனக்கு அது பாதி தமிழ் பாதி இங்கிலீஷ். இதெல்லாம் வெள்ளக்காரங்க பழக்கம்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், புதுச்சேரியில ஆனந்தரங்கப் பிள்ளை 1736லேர்ந்து 1761 வரைக்கும் தமிழ்ல நாட்குறிப்பு எழுதி வச்சிருக்காரு, எந்தக் கப்பல் வந்துச்சு, கவர்னர் என்ன சொன்னாரு, யாருக்கும் யாருக்கும் மனஸ்தாபம்னு அன்னன்னிக்கு நடந்தத எழுதினதுதான், அதப் படிச்சாலே அந்த மனுசனுக்கு எதுல அக்கறை எதுல பயம்னு தெரிஞ்சுடும்.

முக்கியமான வேலை எழுதுறதுல பாதி, திருப்பிப் படிக்கிறதுல பாதி. மாசக் கடைசியில ஒரு நாள் காப்பிக்கடையில ஒரு தே ஓ, அதான் பால் இல்லாத டீ, வாங்கிட்டு உக்காந்து மாசம் பூராத்தையும் படிங்க, கலர் பேனாவால திரும்பத் திரும்ப வர்றத மட்டும் வட்டம் போடுங்க. எனக்கு முதல் தடவ படிச்சப்ப தூக்கிவாரிப் போட்டது அம்மா விஷயம். அப்ப நாங்க பொங்கோல்ல, அம்மா அங் மோ கியோல தனியா. பக்கத்துக்குப் பக்கம் 'அம்மாவ பாக்கப் போகணும்'னு இருக்கு, போய் பாத்துட்டு வந்தத பத்தி எழுதின நாள்லயெல்லாம் எழுத்தே வேற மாதிரி இருக்கு, நீளமா, அம்மா என்ன சமைச்சாங்க, எந்தப் பழைய கதைய சொன்னாங்கன்னு எல்லாம். குடும்பம்னு ஒரு வார்த்தைய லிஸ்ட்டுல எழுதியிருந்தா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது. குடும்பம்னா எனக்கு யாரு, எந்தக் கிழமை, எத்தன மணின்னு காமிச்சது அந்தப் பக்கங்கதான்.

இன்னொண்ணு பொறாமை. இத எழுதுறதுக்குத்தான் எல்லாருக்கும் கூச்சம், ஆனா இதவிட நல்ல வழிகாட்டி கிடையாது. கூட வேலை பாக்குறவங்க காண்டோ, அதான் நீச்சல் குளமெல்லாம் உள்ள தனியார் அடுக்குமாடி வீடு, வாங்கிட்டுப் போனப்ப எனக்கு ஒண்ணுமே தோணல, நல்லாருக்கட்டும்னு எழுதிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டேன். ஆனா ஒரு சொந்தக்கார அக்கா வேலை நேரத்தக் குறைச்சுக்கிட்டு சின்னப் பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டது ஒரு வாரம் நோட்டுல வந்துக்கிட்டே இருந்துச்சு. எது குத்துது எது குத்தலைன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, நம்ம ஆசை எது, ஊர் ஆசை எதுன்னு தன்னால பிரிஞ்சு வரும். சிங்கப்பூர்ல இது ரொம்பத் தேவைன்னு நான் நினைக்கிறேன், ஏன்னா இங்க வாழ்க்கைக்கு டைம்டேபிள் ரெடியா இருக்கு, பிடிஓ போடணும் (எச்டிபிங்கற அரசாங்க வீட்டு வாரியம் கட்டுற புது வீட்டுக்கு விண்ணப்பம்), சாவி வாங்கணும், அஞ்சு வருஷம் எம்ஓபி முடியணும் (விக்கறதுக்கு முன்னாடி அந்த வீட்டுல கட்டாயம் குடியிருக்க வேண்டிய காலம்), வித்துட்டு பெருசா வாங்கணும், நடுவுல பிள்ளைக்கு பிஎஸ்எல்இ, அதான் தொடக்கப்பள்ளி இறுதிப் பரீட்சை. தப்பான டைம்டேபிள்னு சொல்லல, நல்லா யோசிச்சு போட்டதுதான், ஆனா அது எல்லாருக்கும் போட்டது.

எங்களுக்கும் எம்ஓபி முடிஞ்சப்ப, வித்துட்டு காண்டோ வாங்கறதா, அம்மா வீட்டுப் பக்கம் போறதான்னு கேள்வி வந்துச்சு. அப்ப செஞ்ச ஒரு பயிற்சிய கண்டிப்பா செஞ்சு பாருங்கன்னு சொல்வேன். லாபம் நஷ்டம்னு ரெண்டு பத்தி போடாம, ஒவ்வொரு வழிக்கும் அஞ்சு வருஷம் கழிச்சு வர்ற ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைய காலையில எழுந்திரிக்கிறதுலேர்ந்து படுக்கிற வரைக்கும் எழுதினேன். சனி ஞாயிறு எழுதாதீங்க, லீவு நாள் எந்த வீட்டுலயும் நல்லாத்தான் இருக்கும். காண்டோ செவ்வாய்க்கிழமையில நீச்சல் குளம் இருந்துச்சு, ஆனா அதுல யாரும் நீந்தல, கடன் பெருசுங்கறதால ரெண்டு பேரும் ராத்திரி ஒம்பது மணிக்கு லேப்டாப் முன்னாடி உக்காந்திருந்தோம். அம்மா வீட்டுப் பக்கம் ரீசேல், அதான் ஏற்கனவே ஒருத்தர் இருந்த எச்டிபி வீடு, வாங்கின செவ்வாய்க்கிழமையில பிள்ளைங்க ஸ்கூல் விட்டு பாட்டி வீட்டுக்குப் போயிடுச்சு, நாங்க அங்கயே சாப்பிட்டு நடந்து வீட்டுக்கு வந்தோம். என் வீட்டுக்காரருக்கு எழுதப் பிடிக்காது, அவரு ஃபோன்ல பேசியே பதிவு பண்ணாரு, அவரோட செவ்வாய்க்கிழமையும் கிட்டத்தட்ட அங்கதான் போய் நின்னுச்சு. பெத்தவங்க வீட்டுலேர்ந்து 4 கிலோமீட்டருக்குள்ள ரீசேல் வீடு வாங்கற குடும்பத்துக்கு எச்டிபி மானியம் 20,000 வெள்ளி இருக்கு, அது உதவுச்சு, ஆனா முடிவு எடுத்தது மானியத்துக்காக இல்ல.

ஆராய்ச்சி ஏதாவது இருக்கான்னு கேப்பீங்க, இருக்கு. அமெரிக்காவுல ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986ல வெளியிட்ட ஆய்வுல காலேஜ் பிள்ளைங்கள தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிஷம் மனச பாதிச்ச சம்பவத்த எழுதச் சொன்னாங்க, என்ன நடந்துச்சு எப்படி இருந்துச்சு ரெண்டையும் எழுதினவங்க அடுத்த ஆறு மாசத்துல ஹெல்த் சென்டருக்குக் குறைவாப் போனாங்க. ஆனா எழுதி முடிச்ச உடனே அவங்களுக்கு மனசு கனமாத்தான் இருந்துச்சு, இத யாரும் சொல்றதில்ல. 2006ல ஜெஃப்ரி கோஹனும் அவர் குழுவும் பள்ளிக்கூடப் பிள்ளைங்கள தங்களுக்கு முக்கியமான ஒண்ணத் தேர்ந்தெடுத்து அது ஏன் முக்கியம்னு எழுத வச்சாங்க, கறுப்பின மாணவர்களோட மார்க் கூடுச்சு, பிறகு பெரிய அளவுல செஞ்சப்ப எல்லா இடத்துலயும் அதே பலன் வரல. அதனால மந்திரம்னு நினைச்சு ஆரம்பிக்காதீங்க.

கவனமா இருக்க வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. ஒரே ஆளு மேல உள்ள கோவம், ஒரே பயம், வாரக்கணக்கா அதே வார்த்தையில வந்துக்கிட்டே இருந்தா அது தெளிவு கிடையாது, புண்ணக் கிளறிக்கிட்டே இருக்கறது. அப்ப 'நான்'னு எழுதாம உங்க பேர போட்டு வேற யாரோ மாதிரி எழுதிப் பாருங்க, கொஞ்சம் தள்ளி நின்னு பாக்க வரும். அப்பவும் இறங்கலைன்னா நோட்ட மூடிட்டு ஒரு மனுசன்கிட்ட பேசுங்க, ராத்திரி எந்நேரமா இருந்தாலும் சிங்கப்பூர்ல எஸ்ஓஎஸ்ங்கற மனநல உதவி அமைப்புல 1767 நம்பர்ல ஃபோன் எடுப்பாங்க.

யாராவது படிச்சிடுவாங்களோங்கற பயம் இருந்தா உண்மை எழுத வராது, நாலு ரூம் வீட்டுல மாமியார், வளந்த பிள்ளை, பணிப்பெண் எல்லாரும் இருக்கறப்ப ஒளிச்சு வைக்க இடம் ஏது. அன்றாடக் குறிப்புக்கு ஃபோன்லயே பூட்டு போட்ட நோட்ஸ் போதும். மனசு கொதிக்கிற நாள் எழுதறத தனித் தாள்ல எழுதி கிழிச்சு சமையல்கட்டு குப்பைக் குழாய்ல போட்டுடுங்க, அத திருப்பிப் படிக்கணும்னு அவசியமே இல்ல.

முக்கியம்னு ஒண்ணு தெரிஞ்ச பிறகு அத எந்தக் கிழமை, எந்த நேரம், எது முடிஞ்சதும்னு எழுதி வைங்க, இல்லன்னா அது நோட்டுலயே இருந்துடும். 'அம்மாவோட அதிகம் நேரம் செலவழிக்கணும்'னு எழுதினா நடக்காது, 'செவ்வாய் ஆபீஸ் முடிஞ்சா நேரா அம்மா வீடு'ன்னு எழுதினா நடக்கும், பீட்டர் கோல்விட்சர்னு ஒரு உளவியலாளர் இத பத்தியே நிறைய ஆய்வு பண்ணியிருக்காரு. அப்புறம் ஒண்ணு சேக்கும்போது எத விடறீங்கன்னும் அதே வரியில எழுதுங்க. நாங்க விட்டது செவ்வாய்க்கிழமை டியூஷன்.

இப்ப என் நோட்டுல வட்டம் விழுறது அந்தப் பாட்டு விஷயத்துக்குத்தான். 2024 டிசம்பர் 1லேர்ந்து நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு வேணும்னு முறையா எழுதிக் கேட்டா முதலாளி பரிசீலிச்சு ரெண்டு மாசத்துக்குள்ள பதில் சொல்லணும்னு இங்க வழிகாட்டி நெறிமுறை வந்திருக்கு. வாரத்துக்கு நாலு நாள் வேலைன்னா சம்பளம் எவ்வளவு குறையும், வீட்டுக் கடனுக்கு சிபிஎஃப்ல, அதான் சம்பளத்துலேர்ந்து பிடிக்கிற சேமநிதியில, எவ்வளவு போகும்னு கணக்கு போட்டாச்சு, நாலு நாள் வேலைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, அஞ்சு நாளுக்கு ஒண்ணுன்னு எழுதிக்கிட்டு இருக்கேன், முடிச்சதும் ஆபீஸ்ல லெட்டர் குடுத்துடுவேன்.