எந்தக் கதவை முதலில் தட்டுவது? கொழும்பு வாசகிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

அடி, மிரட்டல், பாலியல் வன்முறை என்று வருகிறவர்களைப் பொலிஸ், வைத்தியசாலை, சட்டத்தரணி, பிரதேச செயலகம் ஆகியவற்றோடு இணைத்துவிடுவது என் வேலை. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை வந்த கேள்விகளில், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்காவை அவர் கணவர் அடிக்கிறார். பொலிசுக்குப் போனபோது "குடும்பப் பிரச்சினை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இனி என்ன செய்வது? (கொட்டாஞ்சேனை)

சமாதானம் பேசுவது பொலிஸின் வேலையல்ல. அக்காவிடம் முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதவே மறுத்தால், அந்த நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவைக் கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவரே போகலாம், அவர் சார்பில் பொலிஸ் அதிகாரியும் விண்ணப்பிக்கலாம். அவசரம் என்றால் முதலில் இடைக்காலக் கட்டளை. விசாரணைக்குப் பிறகு தரப்படும் கட்டளை 12 மாதம் வரை நிற்கும். வீட்டுக்குள் வராதே, அவளது வேலையிடத்துக்குப் போகாதே என்றெல்லாம் அதில் போடலாம். மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தரணிக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். தனியாகப் போகப் பயம் என்றால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள்.

அக்கா, மாமியாரும் நாத்தனாரும் அடித்தால் இந்தச் சட்டம் உதவுமா?

உதவும். கணவரின் பெற்றோர், சகோதரர்களும் இதற்குள் வருகிறார்கள்.

என்னிடம் வேலை செய்யும் 20 வயதுப் பெண் நேற்றிரவு வன்புணர்வுக்கு ஆளானாள். முதலில் பொலிசா, வைத்தியசாலையா? (பம்பலப்பிட்டி)

வைத்தியசாலை. இன்றைக்கே. எச்.ஐ.வி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கர்ப்பத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறாளோ அவ்வளவு பயன். குளிக்காமல், உடையைத் துவைக்காமல், முடிந்தால் கழற்றிய உடையைக் கடதாசிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகட்டும். ஏற்கெனவே குளித்துவிட்டாள் என்றால் கவலைப்பட்டு நின்றுவிடாதீர்கள், போகத்தான் வேண்டும்.

தேசிய வைத்தியசாலைக்குப் போனால் அங்கேயே பொலிஸ் காவலரண் உண்டு. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கும் அங்கிருந்தே ஏற்பாடு செய்யலாம். பரிசோதனைக்கு அவள் சம்மதம் வேண்டும், இடையில் போதும் என்றால் நிறுத்தலாம். சில அரச வைத்தியசாலைகளில் 'நட்பு நிலையம்' என்ற இடம் இருக்கிறது, சிங்களத்தில் மித்துரு பியச என்பார்கள். ஆறுதலாகப் பேசி, அடுத்த இடத்துக்கு வழிகாட்டுவதற்காகவே அது. உங்களைப் போன்ற முதலாளி கூடப் போவது நல்லதுதான், ஆனால் வாக்குமூலம் சொல்லும்போது அறைக்கு வெளியே நில்லுங்கள். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கும் அழைக்க வேண்டும்.

கணவரே பலாத்காரம் செய்தால் வழக்குப் போடலாமா?

நீதிமன்றத்தால் பிரிந்திருக்கும் தம்பதியாக இல்லாவிட்டால், தண்டனைச் சட்டக்கோவையில் அது வன்புணர்வாகக் கொள்ளப்படுவதில்லை. பெரிய ஓட்டை. ஆனால் அடி, மிரட்டல், தொடர்ச்சியான மனச் சித்திரவதை ஆகியவற்றைக் காட்டிப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். காயங்களை வைத்தியரிடம் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள்.

எங்கள் கோயில் சபையும் பக்கத்துத் தேவாலயமும் சேர்ந்து பெண்களுக்கு உதவ ஒரு குழு தொடங்குகிறோம். தலைவர், செயலாளர், மாதக் கூட்டம் எல்லாம் தீர்மானித்துவிட்டோம். வேறு என்ன வேண்டும்? (முகத்துவாரம்)

தலைவர் இல்லாவிட்டாலும் குழு ஓடும். வெள்ளி இரவு எட்டு மணிக்கு பெண்ணொருத்தி பிள்ளையோடு வாசலில் வந்து நின்றால் யார் ஓட்டோ பிடிப்பது என்று தெரியாவிட்டால் ஓடாது. எங்கள் வேலையில் பெரும்பகுதி அந்த நேரத்தில்தான் வருகிறது, அலுவலகங்கள் மூடிய பிறகு.

முதலில் ஒரு தொலைபேசிப் பட்டியல் தயாரியுங்கள். பொலிஸ் பெண்கள் பிரிவில் யார், பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் யார், வைத்தியசாலையில் யார், கிராம உத்தியோகத்தர் யார், எந்தச் சட்டத்தரணி தமிழில் பேசுவார். அடிக்கடி இடமாற்றம் வரும், ஆகவே மாதம் ஒருமுறை எல்லோரையும் அழைத்துப் பாருங்கள். விமன் இன் நீட் போல 1987இலிருந்து பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவிவரும் அமைப்புகளோடு பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம், ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரே துணையாள். பொலிசில் ஒருமுறை, வைத்தியரிடம் ஒருமுறை, செயலகத்தில் ஒருமுறை என்று நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லியே பாதிப்பேர் வழக்கை விட்டுவிடுகிறார்கள். அவளது சம்மதத்தோடு சுருக்கமாக ஒரு பக்கம் எழுதி, துணையாளே அடுத்த அலுவலரிடம் கொடுக்கட்டும். சம்மதம் இல்லையென்றால் எழுதவே வேண்டாம். சபைக் கூட்டத்தில் பெயர் வரக்கூடாது. கணவரின் மச்சான் அங்கே உட்கார்ந்திருப்பார், நான் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பு இல்லம் எங்கே இருக்கிறது என்பதை உங்களில் அதிகம் பேர் அறியாமல் இருப்பதே நல்லது.

ஒரு சின்ன நிதியும் வேண்டும். ஓட்டோக் காசு, ரீலோட், பிள்ளைக்குப் பால்மா, ஒரு சோடி உடுப்பு. பனர் அடிக்கும் காசை இதற்குப் போடுங்கள். சமரசம் பேசுவதையும் உங்கள் குழு கையில் எடுக்க வேண்டாம்.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள், எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. (வெள்ளவத்தை)

தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழ் பேசும் அதிகாரியைக் கேளுங்கள், இல்லையென்றால் வரும்வரை காத்திருப்பதாகச் சொல்லுங்கள். புரியாததில் கையெழுத்திட வேண்டாம். ஒரு சொல் மாறினால் வழக்கே மாறிவிடும்.

ஹட்டனிலிருந்து ஓடி வந்து இங்கே ஒரு போர்டிங்கில் இருக்கிறேன். வழக்குக்கு ஊருக்குப் போக வேண்டுமா?

வேண்டாம், தங்கை. நீங்கள் தற்காலிகமாக வசிக்கும் இடத்துக்குரிய நீதவான் நீதிமன்றத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பத்தின் பிரதி கணவருக்கும் போகும். போர்டிங் முகவரி அவருக்குத் தெரியக்கூடாது என்றால், சட்டத்தரணி அதைத் தட்டச்சு செய்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.